பறக்காமல் திரும்பிய சனிக்கிழமைகள்

ஜெனீவாவில் நான் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். 1995-ல் போனேன், 2014-ல் திரும்பினேன். அதில் பதினாறு வருடம் பறந்தேன். விமானத்தில் அல்ல, பாராகிளைடர் என்று சொல்வார்களே, துணியால் ஆன இறக்கை, அதில். திருச்சிக்கு வந்த பிறகு காலை நடையில் பழக்கமான நண்பர்களிடம் இதைச் சொன்னால் முதலில் என் தொப்பையைப் பார்ப்பார்கள். அப்புறம் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "பயமா இல்லையா சார்?"

"இதுக்கெல்லாம் எப்படி சார் நேரம் கிடைச்சுது?" என்று ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் கஷ்டமெல்லாம் அதில்தான் இருந்தது. பயப்பட வேண்டிய இடமும் அதுதான். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

முதலில் இது என்ன விளையாட்டு என்று சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு பேசும் அந்த ஊரில் இதற்கு 'வோல் லீப்ர்' என்று பெயர். கட்டற்ற பறத்தல் என்று சொல்லலாம். எஞ்சின் கிடையாது, பெட்ரோல் கிடையாது. மலைச்சரிவில் இறக்கையை விரித்து வைத்து, எதிர்காற்றில் நான்கைந்து எட்டு ஓடினால் கால் தரையை விட்டுவிடும். காற்று அசையாமல் இருக்கும்போது இறக்கை நொடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர் வீதம் கீழே இறங்கிக்கொண்டே வரும். மேலே கிளம்பி வரும் காற்றைக் கண்டுபிடித்து அதற்குள்ளேயே வட்டமிட்டால் உயரே போகலாம். நம்மூரில் உச்சிவெயில் நேரத்தில் மலைக்கோட்டைக்கு மேல் பருந்து இறக்கையை அசைக்காமல் சுற்றிச் சுற்றி மேலே போவதைப் பார்த்திருப்பீர்கள். வெயிலில் சூடேறிய பாறையிலிருந்து எழும்பும் காற்றில் அது சவாரி செய்கிறது. நாங்கள் செய்ததும் அதேதான். என்ன, பருந்துக்கு வாத்தியார் தேவையில்லை, எங்களுக்குத் தேவை.

இந்த விளையாட்டு இப்போதைய வடிவில் பிறந்த இடமே ஜெனீவாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பிரான்சின் ஓத்-சவோய் மாவட்டத்தில் மியெஸி என்று ஒரு சின்ன ஊர். 1978 ஜூன் மாதம் ழான் குளோத் பெத்தாம், ஆந்த்ரே போன், ஜெரார் போஸோன் என்ற மூன்று பாராசூட்காரர்கள் அங்கே ஒரு காரியம் செய்தார்கள். விமானத்தில் ஏறி மேலே போய்க் குதிக்க ஒவ்வொரு தடவையும் காசு கொடுக்க வேண்டியிருந்தது. அதை மிச்சம் பிடிப்பதற்காக, மலைச்சரிவில் ஓடியே பாராசூட்டைக் கிளப்பிப் பார்த்தார்கள். கிளம்பியது. பிரெஞ்சில் சரிவுக்கு 'பாந்த்' என்று பெயர். அதனால் 'பாராபாந்த்' ஆயிற்று. சிக்கனத்தில் பிறந்த விளையாட்டு என்பதால் எனக்கு அதன்மேல் ஒரு தனி மரியாதை.

நான் பறந்ததில் பாதிக்கு மேல் சலேவ் மலையில். ஜெனீவாவில் எங்கே நின்றாலும் தெற்கே சுவர் மாதிரி அந்த மலை தெரியும். உச்சி 1,379 மீட்டர். 1932-லிருந்து அங்கே கம்பிவண்டி ஓடுகிறது. கீழ்நிலையத்துக்கும் மேல்நிலையத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 660 மீட்டர், அதாவது நம் மலைக்கோட்டையைப் போல எட்டு மடங்கு. நகரத்திலிருந்து 8-ஆம் நம்பர் பஸ் பிடித்து வெய்ரியேவில் இறங்கி, எல்லைச் சாவடியைத் தாண்டி நடந்தால் கம்பிவண்டி நிலையம் வந்துவிடும்.

எல்லைச் சாவடி என்றேன் அல்லவா? ஜெனீவாக்காரர்கள் தங்கள் மலை என்று கொண்டாடும் அந்த மலை இருப்பது பிரான்சில். சுவிட்சர்லாந்து ஷெங்கன் ஏற்பாட்டுக்குள் வந்தது 2008 டிசம்பரில்தான். அதுவரை என் இந்திய பாஸ்போர்ட்டுக்கு அந்த மலைக்குப் போக பிரான்ஸ் விசா வேண்டும். ஆபீஸ் ஜன்னலில் தினமும் தெரியும் மலைக்கு விசா! பருந்துகள் பாட்டுக்கு இரண்டு நாட்டுக்கும் மேலே போய்வந்துகொண்டிருக்கும். நான் பாஸ்போர்ட்டை நெஞ்சுப் பையில் வைத்துக்கொண்டு பறந்தேன்.

இனி நேரத்துக்கு வருகிறேன். மின் நிலையங்களுக்குக் கட்டுப்பாட்டுக் கருவிகள் செய்து நிறுவும் கம்பெனியில் எனக்கு வேலை. மாதத்தில் பத்து நாள் வெளியூர், சில மாதம் அதற்கும் மேல். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். சனிக்கிழமை காலையில் இலங்கைத் தமிழர்கள் நடத்திய தமிழ் வகுப்புக்கு அவர்களைக் கூட்டிப்போக வேண்டும். வாரச் சாமான் வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை திருச்சிக்குப் போன், துணி துவைக்க அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது இயந்திரத்தில் நமக்கு ஒதுக்கிய முறை, இப்படிப் போய்விடும். முப்பத்தொன்பது வயதில் பறக்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னபோது என் மனைவி சண்டை எதுவும் போடவில்லை. ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு மூன்று நிபந்தனை போட்டாள்.

"ஏங்க, இன்ஷூரன்ஸ் எல்லாம் சரியா இருக்கணும். பக்கத்துல இன்னொரு பாராசூட் வச்சிருக்கணும். இறங்கின உடனே போன் பண்ணணும். அந்தப் போன் வர வரைக்கும் நான் இங்க எந்த வேலையும் ஒழுங்கா பண்ண மாட்டேன், அதையும் நினைச்சுக்குங்க."

முதல் இரண்டும் எப்படியும் வேண்டியவைதான். மூன்றாம் நபர் காப்பீடு அங்கே சட்டப்படி கட்டாயம். அவசரப் பாராசூட் உட்காரும் கச்சையிலேயே பொருத்தப்பட்டிருக்கும். மூன்றாவது நிபந்தனைதான் பதினாறு வருடமும் என்னோடு கூடவே பறந்தது.

சுவிஸ் உரிமம் சும்மா கிடைக்காது. காற்றியக்கவியல், வானிலை, சட்டம், கருவி, பறக்கும் முறை என்று ஐந்து பாடங்களில் எழுத்துத் தேர்வு. அப்புறம் தேர்வாளர் முன்னால் பறந்து காட்ட வேண்டும். இரண்டு கோடைகாலம் பிடித்தது. வகுப்பில் என்னைவிடப் பதினைந்து வயது சின்னப் பிள்ளைகள். வானிலைப் பாடத்தில் மட்டும் நான் முதலில் வந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை; இரண்டாவதாக வந்தேன்.

படித்தது ஒரு பக்கம். தினமும் சந்தித்த பிரச்சினை வேறு. எனக்கு நேரம் இருக்கும்போது காற்று இருக்காது, காற்று இருக்கும்போது எனக்கு நேரம் இருக்காது. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை வெப்பக்காற்று பிரமாதமாக எழும்பும், பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை மத்தியானம் பார்த்து! சனிக்கிழமை வந்தால் மழை. நவம்பர், டிசம்பரில் ஜெனீவாவை மூடுபனி நாள்கணக்காக மூடிக்கொள்ளும். அப்போது சலேவ் மேலே போனால் நல்ல வெயில், கீழே பஞ்சுக் கடல் மாதிரி பனி. ஊர்ஜனங்கள் வெயில் காயவே கம்பிவண்டியில் மேலே வருவார்கள். பறக்க முடியாது. இறங்க வேண்டிய புல்வெளி பனிக்குள்ளே மூழ்கிக் கிடக்கும். பிறகு 'பீஸ்' என்கிற வடகிழக்குக் காற்று. ழூரா மலைக்கும் ஆல்ப்ஸுக்கும் நடுவில் புகுந்து புனல் வழியே வருவதுபோல் ஜெனீவாவில் வந்து அறையும். வானம் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் நிற்கவே முடியாது.

'ஃபோன்' காற்று இதைவிடப் பொல்லாதது. தெற்கிலிருந்து ஆல்ப்ஸைத் தாண்டி வடபுறப் பள்ளத்தாக்குகளில் சூடாக இறங்கும். நல்ல வெயில், தூரத்துப் பனிமலை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், கீழே இலைகூட ஆடாது. புதியவன் ஆஹா என்று கிளம்பிவிடுவான். சிறிது நேரத்தில் காற்று பள்ளத்தாக்குக்குள் பாய்ந்துவிடும். அதனால் ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளுக்குப் போவதற்கு முன்னால் சூரிக், லுகானோ இரண்டு ஊரின் காற்றழுத்தத்தையும் பார்ப்போம். வித்தியாசம் 4 ஹெக்டோபாஸ்கல் அளவை நெருங்கினால் வீட்டிலேயே இருந்துவிடுவது என்று ஒரு கணக்கு. என் மனைவிக்கும் இது மனப்பாடம். காலையில் காபி கொடுக்கும்போதே, "இன்னிக்கு எவ்வளவு?" என்பாள். சர்க்கரை அளவு இல்லை, காற்றழுத்தம்.

இந்த ஊரில் நேரத்தை எப்படிச் சம்பாதிப்பது? எனக்கு உதவியது இரண்டு. ஒன்று, எங்கள் ஆபீஸில் நேரம் வளையும். காலை ஆறரைக்கு வந்தால் நாலு மணிக்குக் கிளம்பலாம். இன்னொன்று, அந்த நாட்டுச் சூரியன். ஜூன் கடைசியில் இரவு ஒன்பதரைக்குத்தான் மறையும். சலேவின் பாறைமுகம் வடமேற்கைப் பார்த்திருப்பதால் சாயங்கால வெயில் முழுக்க அதன்மேல் விழும். நாலு மணிக்குக் கிளம்பி, ஐந்தரைக்கு மேலே போய், ஆறரை வாக்கில் பறந்தால் மத்தியானத்து முரட்டுக் காற்று அடங்கியிருக்கும். பகல் முழுக்கச் சூடேறிய பள்ளத்தாக்கு அந்த வெப்பத்தை மெதுவாக விடும். முதுகில் கை வைத்துத் தாங்குவதுபோல அந்தக் காற்று தாங்கும். ஜெனீவா விமான நிலையத்தின் வான்பரப்பு பக்கத்தில் இருப்பதால் ஓர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. போக வேண்டிய அவசியமும் இல்லை. கீழே ஏரி, அதில் வெள்ளையாக நீர்த்தாரை, ஆர்வ் நதி ரோனில் கலக்கும் இடம், அந்தப் பக்கம் ழூரா. எட்டரை மணிக்கு வீட்டில் சாப்பாடு.

அசையாத காற்றில் மேலிருந்து கீழே வர பத்துப் பதினோரு நிமிடம். அதற்கு நாலரை மணி நேரம் செலவா என்று கணக்குப் பார்ப்பவர்கள் இதில் இறங்கக் கூடாது. நான் சொல்ல வந்த ஆபத்தே அந்தக் கணக்குதான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தினமும் பறக்கிறவனுக்கு ஓர் இன்றைய நாள் போனால் போகட்டும். மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை மட்டும் கிடைப்பவன் மலைமேல் வந்து நிற்கும்போது அவன் கூடவே ஒரு கணக்கப்பிள்ளையும் வந்து நிற்பான். 'லீவு போட்டாய், மனைவியிடம் கெஞ்சினாய், பஸ் பிடித்தாய், பதினெட்டுக் கிலோ மூட்டையைச் சுமந்தாய். இன்று விட்டால் இனி மூன்று வாரம்' என்று காதில் சொல்லிக்கொண்டே இருப்பான். காற்று கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் பரவாயில்லை என்று தோன்றும். எங்கள் இறக்கையின் சாதாரண வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர் வாக்கில். காற்று அதைத் தாண்டினால் முன்னால் பார்த்துக்கொண்டே பின்னால் போக வேண்டியதுதான். பின்னால் மலைக்கு மறுபுறம் கொந்தளிக்கும் காற்று. 'பரவாயில்லை' என்ற சொல்லுக்கு அங்கே இடமே கிடையாது.

அலை ஓய்ந்து கடலாட முடியுமா என்று நம்மவர்கள் சொல்வார்கள். வாழ்க்கையில் பல காரியத்துக்கு அது சரி. இந்த விளையாட்டில் மட்டும் அலை ஓயத்தான் காத்திருக்க வேண்டும்.

என்னோடு உரிமம் வாங்கிய ஒருவர், ஒரு வங்கியில் பெரிய பொறுப்பில் இருந்தார். நல்ல திறமைசாலி, என்னைவிட அழகாகப் பறப்பார். பதவி உயர உயர மலைக்கு வருவது குறைந்தது. 2003 மே மாதம், ஆறு வாரம் கழித்துக் கிடைத்த சனிக்கிழமை. காற்று விட்டுவிட்டு அடித்தது. நான்கைந்து பேர் மூட்டையைத் திரும்பக் கட்டினோம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சாயங்காலம் ஒரு விருந்து இருக்கிறது, இப்போது விட்டால் முடியாது" என்றார். கிளம்பினார். நாற்பது மீட்டர் உயரத்தில் இறக்கையின் ஒரு பக்கம் மடிந்தது. அடிக்கடி பறக்கிறவன் யோசிக்காமலே கையால் சரிசெய்துவிடும் விஷயம்தான். அவர் கை ஒரு நொடி தாமதித்தது. சரிவில் மோதி முதுகெலும்பில் ஒரு வளையம் உடைந்தது. ஹெலிகாப்டர் வந்து தூக்கிப் போயிற்று. ஐந்து மாதத்தில் எழுந்து நடந்தார், கடவுள் புண்ணியம். அவர் மனைவிக்கு யார் போன் பண்ணுவது என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் விதிகளை ஒரு தாளில் எழுதினேன். அதுவரை மனதில் இருந்தவைதான், எழுத்தில் வந்தன. மூன்று வாரத்துக்கு மேல் பறக்காமல் இருந்தால் முதலில் சமவெளியில் இறக்கையைக் கிளப்பி நிறுத்திப் பழக வேண்டும். பிறகு அமைதியான சாயங்காலத்தில் ஒரு சின்னப் பறப்பு. அதற்கப்புறம்தான் மத்தியானக் காற்று. பறக்கப் போகும் நாளில் அதற்கப்புறம் எந்த வேலையும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆபீஸில் மனம் கொதித்த நாளில் மலைக்குப் போகலாம், ஆனால் நடக்க மட்டும். இரவு விமானத்தில் வந்து இறங்கிய மறுநாள் பறக்கக் கூடாது.

சமவெளிப் பழக்கம் என்பது வேலைக்காரனுக்கு வரப்பிரசாதம். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு விளையாட்டுத் திடல். வாரத்தில் இரண்டு நாள் சாப்பிடுவதற்கு முன் அரைமணி நேரம் அங்கே போய்விடுவேன். காற்றுக்கு எதிரே நின்று இறக்கையைத் தலைக்கு மேல் தூக்கி அது விழாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் பயிற்சி. பட்டம் விட்டவர்களுக்குப் புரியும். 25 சதுர மீட்டர் பட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கை காற்றை மறக்காமல் இருக்கும். பிள்ளைகளும் கூட வந்து ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். 'அப்பாவோட பெரிய துணி' என்று அதற்குப் பெயர்.

குளிர்காலத்துக்கும் வேலை இருந்தது. அவசரப் பாராசூட்டை வெளியே எடுத்து, காற்றாட விட்டு, முறைப்படி மடித்து வைக்க வேண்டும். மெல்லிய கயிறுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்க்க வேண்டும். இறக்கைத் துணி வெயிலில் நைந்துபோகும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை சோதனைக்கு அனுப்ப வேண்டும். பனி மூடிய ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக் கூடம் முழுக்கக் கயிறாகக் கிடக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் யாராவது வந்தால் தாண்டித்தான் போக வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். பறந்தவர்கள் எல்லோரும் பறந்த கணக்கை எழுதுவார்கள். 2003-க்குப் பிறகு நான் பறக்காத கணக்கையும் எழுதினேன். பழையவற்றை நாட்குறிப்பைப் பார்த்து நிரப்பினேன். பதினாறு வருடத்தில் மலைக்குப் போனது 612 தடவை. பறந்தது 405. பறக்காமல் திரும்பியது 207. மூன்றில் ஒரு பங்கு. அந்த 207 பதிவுக்கும் காரணம் எழுதியிருக்கிறேன்: 'பீஸ்', 'மழைமேகம்', 'வால்காற்று', 'தூக்கமில்லை', 'மனம் சரியில்லை', 'காரணம் தெரியவில்லை, பிடிக்கவில்லை'. கடைசிக் காரணம் பதினொரு தடவை வருகிறது. அந்தப் பதினொன்றுக்கும் நான் யாருக்கும் விளக்கம் சொன்னதில்லை.

திரும்பிய நாட்கள் வீண்போன நாட்கள் அல்ல. மேலே உட்கார்ந்து கொண்டுபோன தயிர்சாதத்தைச் சாப்பிட்டு, மற்றவர்களோடு பேசி, மேகம் எப்படித் திரள்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்போம். வானிலையை நான் படித்தது அங்கேதான். அன்றும் வீட்டுக்குப் போன் பண்ணுவேன்: "பறக்கல, வந்துட்டிருக்கேன்." "அப்பாடா, வரும்போது பால் வாங்கிட்டு வாங்க" என்பாள். பறந்த நாளில் அவள் குரலில் வரும் நிம்மதியும் பறக்காத நாளில் வரும் நிம்மதியும் ஒன்றல்ல. எனக்கு இரண்டும் தெரியும்.

ஆபீஸிலும் இந்தப் பழக்கம் ஒருநாள் கை கொடுத்தது. வெளிநாட்டில் ஒரு மின் நிலையம். விசையாழியை முதல்முறை ஓட்டிப் பார்க்கும் நாள். அமைச்சர் வருகிறார், பந்தல் போட்டாயிற்று, எல்லோரும் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். ஒரு பாதுகாப்புச் சோதனையின் முடிவு மட்டும் எனக்குத் திருப்தியாக இல்லை. 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்' என்று சுற்றி நின்றவர்கள் சொன்னபோது எனக்கு அந்தக் கணக்கப்பிள்ளையின் குரல் அடையாளம் தெரிந்தது. "இன்றைக்கு வேண்டாம்" என்றேன். இரண்டு நாள் கழித்து ஓட்டினோம். என்மேல் சிலருக்கு வருத்தம்தான். சோதனையை மறுபடி செய்தபோது ஓர் உணரியின் இணைப்பு தளர்ந்திருந்தது தெரிந்தது. ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

2014 ஏப்ரலில் கடைசியாகப் பறந்தேன். வயது ஐம்பத்தைந்து. இறக்கைக்கும் ஆயுள் முடிந்திருந்தது. விற்க முடியாது, விற்கவும் கூடாது. என் மனைவி அதை வெட்டிப் பைகள் தைத்துவிட்டாள். இன்றும் காந்தி மார்க்கெட்டுக்கு ஆரஞ்சு நிறத்தில் அந்தப் பையைத்தான் கொண்டுபோகிறோம். ஐந்து கிலோ வெங்காயம் தாங்கும். மனிதனையே தாங்கிய துணிதானே.

இதைப் படிப்பவர்களில் பலருக்குப் பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில் இருப்பார்கள். என்றாவது ஒருநாள் வாட்ஸப்பில், "அம்மா, நான் பாராகிளைடிங் கத்துக்கிறேன்" என்று ஒரு படம் வரலாம். மலையேற்றம், கடலுக்கடியில் நீச்சல், மோட்டார் சைக்கிள் என்று வேறு எதுவாகவும் இருக்கலாம். பதறி 'வேண்டாம்' என்று சொல்லாதீர்கள். சொன்னால் அடுத்த தடவை படம் அனுப்ப மாட்டார்கள், அவ்வளவுதான். எவ்வளவு உயரம் போனாய், எவ்வளவு நேரம் பறந்தாய் என்றும் கேட்காதீர்கள். அதை ஊரே கேட்கும். "இந்த மாசம் எத்தனை தடவை போய்ட்டுப் பறக்காம திரும்பி வந்தே?" என்று கேளுங்கள். ஒரு எண்ணைச் சொன்னால் நிம்மதியாகத் தூங்கலாம். 'ஒரு தடவைகூட இல்லை' என்று சொன்னால், அப்போது உட்கார்ந்து பேசுங்கள்.